பொத்தானை நகர்த்த விடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெருமாநல்லூரில் குன்னத்தூர் ரோட்டை ஒட்டி இருக்கும் பெரியப்பா வீட்டுத் திண்ணை. வாரம் முழுக்க ஒண்ணரை ஷிப்ட் ஓட்டிவிட்டு, அன்றைக்குக் கறிச்சோறு சாப்பிட்ட கையோடு அண்ணன் சுவரில் சாய்ந்து போனில் கான்ட்ரா விளையாடிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் தன் முதல் தீபாவளி போனஸில் டிவி கேம் வாங்கி வந்தவர் அவர். நீலக்கால்சட்டைக்காரன் எப்போதும் அவர்தான். எனக்குச் சிவப்பு. அந்த வயதில் ஒரே உயிரில் நாலு கட்டம் தாண்டுவார். இப்போது முதல் கட்டத்தின் பாலத்திலேயே மூன்று முறை செத்தார்.

போனைத் தொடைமேல் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, இந்த அம்புக்குறியப் பூராத் தூக்கி இக்கட்ட வெக்க முடியாதா?"

அண்ணனுக்கு இடது கட்டைவிரலில் மேல் கணு கிடையாது. கட்டிங் டேபிளில் துணி அடுக்கை அழுத்திப் பிடித்திருந்த கை அது. அப்புறம் அவர் செக்கிங்குக்கு மாறிக்கொண்டார். சோறு உண்கிறார், வண்டி ஓட்டுகிறார், பீஸ் பார்க்கிறார். மாற்றுத்திறனாளி என்று எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அவரும் அப்படி நினைத்துக்கொள்வதில்லை. திரையின் இடது மூலையில் வரைந்திருந்த திசைப்பொத்தான் மட்டும் அவரிடம் இல்லாத ஒரு கணுவைக் கேட்டது.

முடியும் என்றேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து செய்தும் கொடுத்தேன். திசைப்பொத்தானை வலப்பக்கம் கொண்டுபோனேன். சுடுவதையும் குதிப்பதையும் இடப்பக்கம் வைத்து, மிச்சமிருக்கும் விரலின் அடிப்பாகம் படும் இடத்துக்கு இறக்கினேன். இரண்டையும் சேர்த்து அழுத்த மூன்றாவதாக ஒரு பெரிய பொத்தான். அடுத்த வாரம் அவர் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டார். தாண்டிய சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இத்தனை நாளா இது முடியும்னா, எங்க கம்பெனி டேப்ல இருக்கற ஆப்ல ஏன் முடியறதில்ல?" என்று கேட்டுவிட்டார்.

அந்த மாதிரி ஆப்களை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல முடியாமல் போன பதில். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: தொடுதிரையில் ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அதைத் தொடுகிற விரல். அந்த உரிமையை மறுப்பதற்கு என் தொழிலில் வைத்திருக்கும் பெயர் 'எளிமை'. பெரும்பாலும் அது சோம்பல். சில இடங்களில் அதிகாரம்.

*

பழைய கன்ட்ரோலரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் அந்தத் திசைப்பொத்தானை நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982-ல் 'கேம் அண்ட் வாட்ச்' டாங்கி காங் கருவிக்காக உருவாக்கினார். மூடித் திறக்கும் கையடக்கக் கருவி அது. அதில் நீட்டிக்கொண்டு நிற்கும் ஜாய்ஸ்டிக்கைப் பொருத்த முடியாது. அதனால் தட்டையான ஒரு சிலுவை. அடுத்த வருடம், 1983 ஜூலையில், ஜப்பானில் வெளியான ஃபேமிகாமிலும் அதே சிலுவை. நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமின் போலிகள்தான்.

அந்தச் சிலுவையின் பெருமை அதன் விளிம்பில் இருக்கிறது. கண் டிவியில் இருக்கும்போது, கட்டைவிரல் தான் எங்கே இருக்கிறது என்பதை விளிம்பைத் தடவித் தெரிந்துகொள்ளும். நடுவில் ஒரு சின்னப் பள்ளம், அது வீடு. நாலு பக்கமும் நாலு கை, அவை திசை. குனிந்து பார்க்க வேண்டியதே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கச் சொல்லிக்கொடுப்பது போல, மரியோ நமக்குச் சொல்லிக்கொடுத்தான்.

வலது கைக்கும் ஒரு கலை இருந்தது. மரியோவில் 'பி'யை அழுத்திக்கொண்டே இருந்தால் ஓட்டம். 'ஏ'யைத் தட்டினால் தாவல். ஓடித் தாவ இரண்டும் வேண்டும். கட்டைவிரலின் நுனியை 'பி'யில் வைத்துக்கொண்டு, அடிச்சதையை 'ஏ'யின் மேல் உருட்டுவோம். யாரும் கற்றுத்தரவில்லை. பொத்தான்களின் இடைவெளியும் விரலின் அகலமும் தாமாகப் பேசிவைத்துக்கொண்டன.

நம் ஊருக்கு வந்த போலிகளின் கன்ட்ரோலரில் இன்னொரு விஷயமும் இருந்தது. அசலில் 'ஏ', 'பி' இரண்டே. போலியில் அவற்றுக்கு மேல் டர்போ 'ஏ', டர்போ 'பி' என்று இன்னும் இரண்டு. அழுத்திப் பிடித்தால் போதும், துப்பாக்கி படபடவென்று சுடும். விரல் வலிக்கும் என்பதை அந்தப் போலிக்காரன் யோசித்திருக்கிறான். அசல், போலி என்பதையெல்லாம் தாண்டி, கையைப் பார்த்துச் செய்தவன் யார் என்று ஒரு கேள்வி உண்டல்லவா?

இப்போது போனுக்கு வருவோம். கண்ணாடிக்கு விளிம்பு கிடையாது. பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர் செயலிகள் அதே சிலுவையைத் திரையில் படமாக வரைந்து தருகின்றன. பார்க்க அச்சு அசலாக இருக்கும். விரலுக்கு அது வெறும் கண்ணாடி. ஆட்டம் சூடுபிடிக்கும்போது கட்டைவிரல் அரை சென்டிமீட்டர் நழுவும். நழுவியது விரலுக்குத் தெரியாது. மரியோ குழியில் விழுந்தபிறகு கண்ணுக்குத்தான் தெரியும். விரலை உருட்டும் கலையும் போயிற்று, ஏனென்றால் வரைந்த இரண்டு பொத்தான்களின் இடைவெளி யாரோ ஒருவருடைய விரலுக்கு அளந்தது. திரை பெரிதானால் படமும் சேர்ந்து பெரிதாகும், கை பெரிதாவதில்லை.

பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-லேயே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்ற இரண்டையும் பொறுத்தது. தொலைவு கூடினாலும் அகலம் குறைந்தாலும் நேரம் கூடும். வடிவமைப்பு படித்த எல்லோரும் இதை ஒப்பிப்பார்கள். அந்தத் தொலைவு எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். அது விரல் இருக்கும் இடத்திலிருந்து. யாருடைய விரல், எந்தக் கை, எத்தனை கணு?

தொடுதிரை நம்மிடமிருந்து விளிம்பைப் பிடுங்கிக்கொண்டது. பதிலுக்கு ஒன்றே ஒன்றைத் தந்தது. பிளாஸ்டிக்கில் வார்த்த பொத்தானை நகர்த்த வேண்டுமென்றால் புது அச்சு செய்ய வேண்டும். கண்ணாடியில் வரைந்த பொத்தானை நகர்த்த இரண்டு எண்களை மாற்றினால் போதும். இழப்புக்கு ஈடாகக் கிடைத்த ஒரே சொத்து அது. பொத்தானை ஆணியடித்து வைக்கும் செயலி அந்த ஈட்டையும் அமுக்கிக்கொள்கிறது.

*

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் பனியன் கம்பெனிகளுக்கான உற்பத்திக் கணக்கு ஆப் ஒன்றைச் செய்தோம். செக்கிங் டேபிளில் ஒரு டேப். எத்தனை பீஸ் பாஸ், எத்தனை டேமேஜ், என்ன காரணம் என்று பதிய வேண்டும். காரணங்களின் பட்டியல் நடுவில், சேமிக்கும் பொத்தான் வலது மேல்மூலையில். அப்போது அதுதான் பாணி.

ஒரு நாள் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்து முடித்த பீஸ்கள் மேசையின் வலப்பக்கம் குவிவதால், டேபை இடப்பக்கம் ஒரு ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். வலது கையில் பீஸ். சும்மா இருக்கும் கை இடது. அந்த இடது கையை முழுத் திரைக்கும் குறுக்கே நீட்டி வலது மேல்மூலையைத் தொட வேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு முறை. போகிற வழியில் மணிக்கட்டு பட்டியலில் பட்டு, துளை விழுந்த பீஸ் கறைபட்டதாகப் பதிவாகும். கூட்டத்தில் எங்களுக்கு வந்த புகார் 'ஆபரேட்டர்கள் கவனக்குறைவு' என்பது.

அங்கிருந்த ஓர் அக்கா செய்திருந்ததை நான் மறக்க மாட்டேன். சட்டைக்கு ஒட்டும் சைஸ் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துத் திரையில் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். "கண்ணு பீஸ்ல இருக்கோணும் சார், வெரலு இதத் தடவிப் பாத்துக்கும்" என்றார். கண்ணாடிக்கு ஒரு விளிம்பு செய்துகொண்டிருக்கிறார். பெரிய கம்பெனிகள் திரையிலிருந்து அகற்றிய ஒன்றை, ஒரு எல் சைஸ் ஸ்டிக்கரால் திரும்ப ஒட்டிவிட்டார். அடுத்த முறை போனபோது ஸ்டிக்கர் இல்லை. ஆடிட் வருகிறது என்று கிழித்துவிட்டார்களாம்.

திரும்பி வந்து, பொத்தான்களை நகர்த்தும் வசதி வேண்டும் என்று கோரிக்கை எழுதினேன். மூன்று பதில் வந்தன. ஆளுக்கொரு மாதிரி திரை இருந்தால் போனில் உதவி கேட்பவருக்கு எப்படி வழி சொல்வது? பயிற்சிக்கு எடுத்த வீடியோ செல்லாமல் போய்விடுமே? எப்படியும் பெரும்பாலானவர்கள் எதையும் மாற்றப்போவதில்லையே? கடைசியில் ஒரு வாக்கியம்: பயனருக்குக் குழப்பமாக இருக்கும். நான் தலையாட்டினேன். அந்தக் கோரிக்கையை 'நிராகரிக்கப்பட்டது' என்று குறித்து மூடியதும் நான்தான்.

அன்றைக்குச் சொல்லாத பதில்களை இப்போது சொல்கிறேன்.

முதல் கேள்வி: 'மேலே வலது மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள்' என்று சொல்வதற்குப் பதில் 'சேமி பொத்தானை அழுத்துங்கள்' என்று சொல்லலாம். பொத்தானுக்குப் பெயர் வைத்திருப்பது அதற்குத்தானே. இரண்டாவது: வீடியோவுக்காகக் கை வளைய வேண்டுமா, கைக்காக வீடியோ வளைய வேண்டுமா என்று கேட்டாலே பதில் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனமான வாதம். உண்மைதான், பெரும்பாலானோர் மாற்ற மாட்டார்கள். அதனால்தான் முதலில் வரும் அமைப்பு நன்றாக இருக்க வேண்டும். ஆனால் நூறு பேரில் ஐந்து பேர் மாற்றுகிறார்கள் என்றால், அந்த ஐந்து பேருக்கும் மாற்ற முடியாவிட்டால் வேலையே நடக்காது என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலானோர் போவதில்லை என்பதால் ஆஸ்பத்திரியை மூடிவிடுகிறோமா?

நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டிய சங்கடங்களும் உண்டு. ஒரே டேபை மூன்று பேர் பயன்படுத்தினால், ஒருவர் நகர்த்தியது அடுத்தவரைத் தடுமாற வைக்கும். அதற்கு வழி, அமைப்பை டேபோடு கட்டாமல் ஆளோடு கட்டுவது. ஆளுக்கொரு பின் நம்பர் ஏற்கெனவே இருந்தது. பணம் அனுப்பும் பொத்தானும் அழிக்கும் பொத்தானும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடக் கூடாது. அங்கே எல்லை வைக்கத்தான் வேண்டும். இவையெல்லாம் தீர்க்கக்கூடிய வேலைகள். நாங்கள் தீர்க்காமல் விட்டதற்குக் காரணம் குழப்பம் அல்ல. குழப்பம் வரும் என்று பயந்தது நாங்கள். நீட்டி நீட்டி வலித்தது அவர்கள் தோள்.

*

அதே தளத்தில் பத்தடி தள்ளி ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் இருந்தன. டெய்லர் புதிதாக ஒரு மெஷினில் உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? தைக்க மாட்டார். ஸ்டூலை இழுப்பார், தள்ளுவார். காலை வைத்துப் பெடலின் சாய்வைப் பார்ப்பார். முழங்காலால் தள்ளிப் பாதத்தைத் தூக்கும் பட்டை தன் முட்டிக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் திருகைத் தளர்த்தித் திருப்புவார். நூலின் இறுக்கத்தைச் சரிசெய்வார். ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் முதல் பீஸ்.

இதை எந்த சூப்பர்வைசரும் 'குழப்பம்' என்று சொல்வதில்லை. மெஷினைத் தன் உடம்புக்குச் செட் பண்ணத் தெரியாதவரை டெய்லர் என்றே சொல்ல மாட்டார்கள். இரும்பில் செய்த மெஷின் திருகுகளை வைத்து மனுஷனுக்கு இடம் கொடுத்திருக்கிறது. எண்களால் செய்த திரை, ஒரு திருகுகூட இல்லாமல் வருகிறது. இரும்பைவிட இறுக்கமாக மென்பொருளைச் செய்தவர்கள் நாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இது புதிதில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. நன்றாக யோசித்துச் செய்த அமைப்பு, நானே அதில்தான் அடிக்கிறேன். ஆனால் அரசு சொல்லிவிட்டது என்பதற்காகப் பழைய தட்டச்சுக்காரர்கள் தம் விரல்களை மறந்துவிடவில்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துப் பழகியவர்களும் மாறவில்லை. முரசு அஞ்சலும் இ-கலப்பையும் என்ன செய்தன? தமிழ்99, தட்டச்சு, ஒலியியல் என்று வரிசையாக வைத்து, உன் விரலுக்கு எது வருமோ அதில் அடி என்றன. இணையத்தில் தமிழ் இத்தனை எழுதப்பட்டிருப்பதற்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம் என்பேன். ஒரே அமைப்பைத்தான் தருவோம், மற்றதெல்லாம் குழப்பம் என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் எழுத வந்திருப்பார்கள்?

'சரி' என்று சொல்லும் பொத்தானுக்கே ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. பிளேஸ்டேஷனில் வெகுகாலம் ஜப்பானியர்களுக்கு வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் தலைகீழ். 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனி ஜப்பானிலும் பெருக்கல் குறியைச் 'சரி' ஆக்கியது. கால் நூற்றாண்டு விரல் பழக்கத்தை ஒரே கருவியில் திருப்பிப் போட்டார்கள். பொத்தானின் இடமும் பொருளும் இயற்கை விதி இல்லை, யாரோ எடுத்த முடிவு. முடிவு என்றால் யார் எடுப்பது என்று கேட்கலாம்.

*

எங்கள் ஊரைச் சுற்றி, நேதாஜி அப்பேரல் பார்க் பக்கமெல்லாம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த அறைகளில் ஃப்ரீ ஃபயரும் பிஜிஎம்ஐயும் ஓடும். ஒவ்வொருவன் திரையும் ஒவ்வொரு மாதிரி. இரண்டு கட்டைவிரலோடு ஆள்காட்டி விரல்களையும் மேலே மடக்கி ஆடுபவன் சுடும் பொத்தானை இடது மேல்மூலையில் வைத்திருப்பான். கட்டைவிரல் மட்டும் பயன்படுத்துபவன் எல்லாவற்றையும் கீழே இறக்கியிருப்பான். பொத்தானைப் பெரிதாக்குவான், மங்கலாக்குவான், தன் அமைப்பை ஒரு எண்ணாக்கி நண்பனுக்கு அனுப்புவான். ஒருவனும் குழம்பிப்போய் நான் பார்த்ததில்லை. காலையில் இதே பையன் தொடும் வருகைப்பதிவு ஆப்பில், வங்கி ஆப்பில் ஒரு பொத்தானைக்கூட அசைக்க முடியாது.

ஏன் இந்த வித்தியாசம்? அண்ணனின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். விளையாட்டில் கைக்கு வசதி இல்லையென்றால் பையன் நாளைக்கே வேறு விளையாட்டுக்குப் போய்விடுவான். அந்தப் பயம் செய்தவனுக்கு இருக்கிறது. எமுலேட்டர்களைச் செய்பவர்களோ தாங்களே விளையாடுகிறவர்கள். வலி அவர்கள் விரலிலேயே தெரிகிறது. கம்பெனி ஆப்பைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி, விலை பேசுபவர் மேனேஜர், தொடுபவர் செக்கிங் அக்கா. காசு கொடுக்கும் கையும் தொடும் கையும் வேறு வேறு. தொடும் கைக்கு விட்டுப்போக வழியில்லை. வழியில்லாதவர்களுக்குச் செய்யும் பொருளில் கவனம் தேவையில்லை என்று என் தொழில் எப்போதோ முடிவெடுத்துவிட்டது. இதைத்தான் அதிகாரம் என்றேன்.

விளையாட்டுச் சமாச்சாரத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நினைத்துப் பார்க்கலாம். வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்குப் பல சமயம் முகத்தைக் காட்டி அடையாளம் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கக் கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள். ஆசிட் வீச்சில் கண்ணிமை கருகிப்போனவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. கண் சிமிட்டு என்று நிரல் எழுதியவர் கொடுமைக்காரராக இருந்திருக்க மாட்டார். தன் கண்ணை வைத்து ஊர்க் கண்ணைக் கணக்குப் போட்டிருப்பார். நான் என் கட்டைவிரலை வைத்துப் போட்டது போல.

பெருமாநல்லூர்க்காரனிடம் 'இதெல்லாம் சின்ன விஷயம்' என்று சொல்லவும் யோசிக்க வேண்டும். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்த ஊர் இது. பைசாக் கணக்கு என்று வெளியில் இருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். தினமும் மோட்டார் போடுகிறவனுக்கு அது பைசாக் கணக்கு இல்லை. அந்தச் சாவுகளோடு ஒரு பொத்தானை ஒப்பிட நான் வரவில்லை. ஒரு செயலைத் தினமும் செய்பவருக்குத்தான் அதில் எது பெரிது, எது சிறிது என்று தெரியும் என்பது மட்டும்தான் நான் அந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வது.

*

எமுலேட்டர்க்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. பிஎஸ்பி விளையாட்டுகளை ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபியில் பொத்தானை விரலால் இழுத்து வைக்கலாம், அளவை மாற்றலாம். நல்ல காரியம். பல கருவிகளின் விளையாட்டுகளையும் ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் இதைவிடப் பெரிய சுதந்திரம் இருக்கிறது. ஆனால் அது ஒரு எழுத்துக்கோப்புக்குள் இருக்கிறது. மொத்தப் படத்தின் அளவையும் மங்கலையும் மெனுவிலேயே மாற்றலாம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டலாம். அண்ணனுக்கு வேண்டியது போல ஒவ்வொரு பொத்தானாக இடம் மாற்ற நான் அந்தக் கோப்பைத் திறந்து வரி வரியாகத் திருத்த வேண்டியிருந்தது.

ஒவ்வொரு வரியும் ஒரு பொத்தான். பெயர், இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, வட்டமா சதுரமா, அகல அளவு, உயர அளவு. எல்லாம் 0-விலிருந்து 1 வரை. திசைப்பொத்தானின் கிடைத் தூரத்தை 1-லிருந்து கழித்தால் அது இடமிருந்து வலத்துக்குப் போய்விடும். அப்புறம் இடது அம்பையும் வலது அம்பையும் மட்டும் திரும்ப மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆள் பின்னால் ஓடுவான். முதல் தடவை ஓடினான். இரண்டு பொத்தானின் பெயரை நடுவில் ஒரு கோடு போட்டுச் சேர்த்து எழுதினால், ஒரே தொடுதலில் இரண்டும் அழுந்தும். விரல் பட்ட பிறகு அந்தப் பொத்தானின் பிடிபரப்பைப் பெரிதாக்க ஓர் எண் உண்டு. அதை ஒன்றரையாக வைத்தேன். நழுவும் விரலை அது மன்னிக்கும். இல்லாமல் போன விளிம்புக்கு இந்த மன்னிப்புதான் பதிலி.

இதைச் செய்து முடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு அசிங்கமும் இருக்கிறது. அண்ணனின் சுதந்திரம், வீட்டில் ஒரு இன்ஜினியர் தம்பி இருந்ததால் கிடைத்தது. தம்பி இல்லாதவருக்கு? ஆங்கிலம் தெரியாதவருக்கு? பூட்டி வைத்த உரிமைக்கும் எழுத்துக்கோப்புக்குள் வைத்த உரிமைக்கும் அவர்களைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை.

என்ன வேண்டும் என்று பட்டென்று சொல்லிவிடுகிறேன். எந்தப் பொத்தானையும் அழுத்திப் பிடித்து இழுத்து வைக்க வேண்டும். பெரிதாக்க வேண்டும். இடது வலதை ஒரே தட்டில் மாற்ற வேண்டும். படுக்கைவாட்டுக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். போன் மாறினால் அமைப்பும் கூட வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், 'பழையபடி வை' என்று ஒரு பொத்தான் வேண்டும். குழப்பம் குழப்பம் என்று பயப்படுகிறவர்களுக்கு அந்த ஒன்று போதுமான மருந்து. இழுத்து வைப்பதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. சாமான்களை இடம் மாற்றி அடுக்குவது எல்லோருக்கும் தெரியும். வாடகை வீட்டுக்குக் குடிபோனால் முதல் நாளே அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று நம் வீட்டுப் பெண்கள் யாரிடமாவது அனுமதி கேட்கிறார்களா?

வெளியே ஒரு புளூடூத் கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளலாமே என்றும் சிலர் சொல்வார்கள். வாங்கலாம், காசு இருந்தால். செக்கிங் டேபிளில் அதை எங்கே மாட்டுவது?

என் தொழில்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் திரையைத் தினமும் தொடுகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் போய் நில்லுங்கள். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், திரையையும் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள். எந்தக் கை, எதைப் பிடித்திருக்கிறது, எங்கிருந்து எங்கே நீள்கிறது. எங்கேயாவது ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல், ஏன் ஒட்டினார் என்று கேளுங்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் அவர் போனை வாங்கி விளையாடிப் பார்த்துவிட்டு, "அப்பா போன்ல எல்லாந் தலகீழா இருக்குது" என்று தூக்கிப் போட்டான். அவனுக்காக இன்னொரு அமைப்பைச் சேமித்துக் கொடுத்தேன். இப்போது ஒரே போனில் இரண்டு கைகளும் விளையாடுகின்றன. அந்தப் பழைய வேலையில் நான் இப்போது இல்லை. இப்போதிருக்கும் இடத்தில் அதே கோரிக்கையை மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன். அது வரிசையில் நிற்கிறது.

நால்ரோட்டில் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன் மறக்காமல் கேட்டார்.

"எங்க ஆப்ல வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்ணா."